ஆளுக்கு ஒரு படம்: தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை

முதல் நாள் – தரங்கம்பாடி

பையில் மாற்றுத்துணி குறைவு, கேமரா 5. எல்லாம் ஒருமுறை எடுத்து முடித்துத் தூக்கிப்போடுகிற பிலிம் கேமரா. அட்டைச் சட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா என்றும் சொல்லலாம். ஒன்றில் 27 படம். 1986-ல் ஃபூஜி இதை ஜப்பானில் இறக்கியபோது கேமரா என்றே சொல்லவில்லை, 'லென்ஸ் வைத்த பிலிம்' என்றுதான் விற்றார்கள். அப்போது அது மலிவுச் சரக்கு. இப்போது ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 5 வாங்கியதும் வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

கடலோரமாகவே கோடியக்கரை வரை போவதாகத் திட்டம். வழியில் பார்க்கிற முன்பின் தெரியாதவர்களிடம் கேமராவை நீட்டி, "இன்னைக்கு யாருக்காவது காட்டணும்னு உங்களுக்குத் தோணுறத ஒரே ஒரு படம் எடுங்க" என்று கேட்க வேண்டும். எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டங்கள் சில. ஆளுக்கு ஒரு படம்தான். அவர்கள் எடுக்கும்போது நான் திரும்பி நின்றுகொள்வேன். நோட்டில் வரிசை எண்ணும் பெயரும் விலாசமும் மட்டும் குறிப்பேன், எதை எடுத்தார்கள் என்று எழுத மாட்டேன். படம் கழுவி வந்ததும் எடுத்தவருக்கே தபாலில் போகும்.

இது என் மூளையில் உதித்ததல்ல. லண்டனில் வீடில்லாத மனிதர்களிடம் இதே மாதிரி 100 டப்பா கேமராவைக் கொடுத்து, வந்த படங்களில் தேர்ந்ததைக் காலண்டராகப் போட்டார்கள், வருடா வருடம். அதற்கு வெகு காலம் முன்னால், 1969-லேயே, வெண்டி ஈவால்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கனடாவில் பழங்குடிப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு குஜராத் கிராமம் ஒன்றுக்கும் வந்தார். எனக்குப் பிடித்தது அந்த ஒதுங்கி நிற்பதுதான். முடிகிறதா பார்ப்போம்.

காலையில் டேனிஷ் கோட்டை வாசலில் ஆரம்பித்தேன். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ல் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சுற்றுலா வந்த கூட்டம் நிறைய. முதலில் கேட்ட 6 பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "எங்கள எடுக்கணுமா சார்? எடுங்க, எடுங்க." கூடவே வரிசையாக நின்றும்விட்டார்கள். நான் கேமராவை அவர்கள் பக்கம் நீட்ட, அவர்கள் முகத்தைச் சரிசெய்ய, கொஞ்ச நேரம் நல்ல கூத்து. படம் எடுக்கப்படுவது நமக்குப் பழக்கம். எடுக்கச் சொன்னால்தான் சந்தேகம் வருகிறது.

கல்லூரிப் பெண் ஒருத்தி வாங்கினாள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "எதுல பாக்கறது?" இந்த ஓட்டை வழியாக. "எடுத்தப்புறம்?" பார்க்க முடியாது. "எப்ப பாக்கலாம்?" 5 வாரம் ஆகும். என்னை ஏதோ சித்தர் மாதிரி பார்த்துவிட்டு, கோட்டையைச் சுற்றி 20 நிமிடம் அலைந்தாள். எடுக்கப் போவாள், இறக்கிவிடுவாள். கடைசியில் எடுத்ததும் ஓடி வந்து கொடுத்தாள். "ஒண்ணுதான்னு சொல்லிட்டீங்க, பயமா இருந்துச்சு."

சாயங்காலம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் பாண்டியர் கட்டியது; முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர், சின்ன வயதில் கோயிலுக்கு முன்னால் எவ்வளவு தூரம் நடந்து கடலைத் தொடுவோம் தெரியுமா என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். படம் எடுக்க மட்டும் அவருக்கு 3 வினாடிதான் ஆயிற்று. முதல் கேமரா இருட்டுவதற்குள் தீர்ந்தது.

இரண்டாம் நாள் – நாகூர்

இன்று ஒரு கேமரா போயிற்று. சொல்கிறேன்.

காரைக்காலில் பஸ் மாறி நாகூர் வந்தபோது 9 மணி. தர்காவின் 5 மனோரா கோபுரங்களில் பெரியது 131 அடி, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்தது. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து அதைத்தான் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் புறா பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். தகடு விற்கிற அம்மா, மொட்டை போட்டு சந்தனம் தடவிய ஒரு சின்னப் பையன், அவனுடைய தாத்தா, அல்வா கடைக்காரர் என்று 11 படம் மளமளவென்று ஆனது. வேண்டுதலுக்கு வாங்குகிற தகடுகளில் கை, கால், கண், வீடு, படகு எல்லாம் இருக்கிறது. கேமரா இருக்கிறதா என்று கேட்டேன். "அதுக்கு என்ன சீக்கு தம்பி?" என்றார் அந்த அம்மா.

அப்புறம்தான் சந்துக்குள் இருக்கிற செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு 25 வயது இருக்கும். கேமராவைக் கையில் கொடுத்து வழக்கம்போலத் திரும்பி நின்றேன். க்ளிக் சத்தம் வரவில்லை. வேறு ஏதோ நெறிபடுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஒரு அலறல்.

திரும்பினால், அட்டையைக் கிழித்து, டப்பாவைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறார். "உள்ள என்னதான் இருக்குன்னு பாத்தேண்ணே." ஃப்ளாஷ் கெபாசிட்டர் 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், அது கையைப் பதம் பார்த்துவிட்டது. ஓயாமல் எதையாவது திறந்து பார்க்கிறவரிடம் மூடின டப்பாவைக் கொடுத்தது என் தப்பு.

எனக்கு 27-ம் போயிற்று என்றுதான் நினைப்பு. அவர்தான் விரலை உதறிக்கொண்டே டப்பாவை உற்றுப் பார்த்தார். "இல்லண்ணே, எடுத்தது தப்பிச்சிருச்சு." சாதாரணக் கேமராவில் பிலிம், ரோலிலிருந்து வெளியே வந்து, எடுத்து முடித்தபிறகு திரும்ப உள்ளே சுற்றப்படும். இதில் தலைகீழ். ஃபேக்டரியிலேயே பிலிம் முழுவதையும் வெளியே உருவிச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படம் எடுக்க எடுக்க, எடுத்த துண்டு ரோலுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துவிடுகிறது. மேலே இருக்கிற எண்ணும் 27-லிருந்து கீழே இறங்குவது அதனால்தான். ஆகவே வெளிச்சம் பட்டுச் செத்தது இன்னும் எடுக்காத 16. எடுத்த 11-ம் ரோலுக்குள் உயிரோடு இருக்கிறது. அவரே பல்சக்கரத்தை விரலால் உருட்டி மிச்சத்தையும் உள்ளே தள்ளி, ரோலைக் கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். நான் இத்தனை நாள் வைத்திருந்தும் தெரியாத விஷயம். அவருக்கு ஒரு ஷாக்கில் தெரிந்துவிட்டது.

காசு வாங்கவில்லை. அவருடைய படம் எடுக்கப்படவே இல்லை என்பது பஸ் ஏறியபிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் – அக்கரைப்பேட்டை

நாகப்பட்டினம் துறைமுகத்துக்குத் தெற்கே கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. ஆண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து வலை சரிபார்க்கிறார்கள். பேச ஆள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மே மாதம் வந்தேன். கத்திரி வெயிலையும் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு வரும்போது என் தலைக்குள் ஏற்கெனவே படம் இருந்தது. 2004 டிசம்பர் 26-ல் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், இந்த இரண்டு ஊரும் பட்டபாடு தமிழ்நாட்டுக்கே தெரியும். கேமரா கொடுத்தால் அதைத்தான் ஏதோ ஒரு வகையில் எடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டு வந்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் முதலில் கேட்டேன். 60-ஐத் தொட்ட வயது. கை நிற்கவில்லை.

"எடுத்து?"

கழுவி உங்களுக்கே அனுப்புவேன் என்றேன்.

"சுனாமியப்ப எத்தன கேமரா வந்துச்சு தெரியுமா? எங்கள அழ வச்சு எடுத்தானுவ. ஒருத்தன் ஒரு படம் திருப்பி அனுப்புல. நாங்க எடுப்போம், நீ பேரு வாங்கிக்குவ."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்காட்சி மாதிரி ஒன்று வைக்கிற எண்ணம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொன்னேன். பெயர் போடட்டுமா வேண்டாமா என்பதை அவரவரைக் கேட்டே செய்வேன் என்றும் சொன்னேன். "மொதல்ல படம் வரட்டும். அப்புறம் பாப்பம்" என்று ஊசியைத் திருப்பினார். கேமராவைத் தொடவே இல்லை. ஆனால் "ஏய், இங்க வாங்கடா" என்று பையன்களைக் கூப்பிட்டுவிட்டது அவர்தான்.

அதற்குப்பின் என் கையில் கேமரா நிற்கவில்லை. ஒரு பொடியன், 6-வது ஆள், ஃபைபர் படகு ஒன்றின் முனையில் ஏறி நின்று எடுத்தான். "எடுத்துட்டேன்" என்ற குரல் மேலேயிருந்து வந்ததும்தான் திரும்பினேன். கிட்டத்தட்ட மயங்கி விழுந்தேன்.

மத்தியானம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். திண்ணையில் அந்த அம்மா, உள்ளே சுவரில் மாலை போட்ட படம். கணவர். அலைக்கு முந்தின படம் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லையாம், வோட்டர் ஐடி படத்தைக் கொண்டுபோய்ப் பெரிது பண்ணியிருக்கிறார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாக உடைந்து, மீசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. கேமராவை நீட்டினேன், 14-வது படம். கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்துவிடுமே, 3 அடிக்கு உள்ளே போனால் மங்கிவிடுமே என்று மனசுக்குள் ஓடுகிறது. சொல்லக் கூடாது என்பது என் சட்டம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு..."

"எதுக்குத் தள்ளி? முழுசா வுழாதா?"

பார்த்தால் அவர் நின்றது சமையற்கட்டுப் பக்கம். புது ஃப்ரிட்ஜ், ரெட்டைக் கதவு, மேலே பிளாஸ்டிக் உறைகூட உரிக்கவில்லை. "மவன் போன மாசம் எடுத்துக் குடுத்தான். யாருக்காச்சும் காட்டணும்னு நீதானே சொன்ன. நீ ஏன் திரும்பிக்கற, நீயும் பாரு."

மேலே வைத்திருந்த பிள்ளையாரை ஒருதரம் நேராக்கிவிட்டு எடுத்தார். அப்புறம் அதிலிருந்தே எடுத்து ஜில்லென்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

நான்காம் நாள் – வேளாங்கண்ணி

திருவிழா ஆகஸ்ட் 29-ல்தான் ஆரம்பம். இப்போதே கூட்டம் பரவாயில்லை. மணல் பாதையில் பழைய மாதாகுளம் வரை முட்டி போட்டு நகர்கிறவர்களை இடையில் நிறுத்திக் கேட்க மனசு வரவில்லை; முடித்து எழுந்து முட்டியைத் தட்டிவிடும் வரை காத்திருந்து கேட்டேன். ஒரு பெண் தன் மெழுகுவர்த்தியை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு எடுத்தார். திரும்பி நின்று மெழுகு பிடித்துக்கொண்டிருந்த என்னை வேறு யாரோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கடற்கரையில் ஸ்டாம்ப் சைஸ் ஆல்பத்தைக் கழுத்தில் மாட்டி, "உடனே பிரிண்ட், உடனே பிரிண்ட்" என்று கூவுகிற போட்டோக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவரிடம் கேமராவை நீட்டினேன். 3-வது கேமரா, 22-வது படம். ஒரு கையால் வாங்கினார். எடை பார்த்தார். லென்ஸை நகத்தால் தட்டினார்.

"பிளாஸ்டிக்கு."

ஆமாண்ணே.

"ஃபோகஸ்?"

இல்லண்ணே.

"அப்ப நான் எதுக்கு?"

30 வருஷத் தொழில். யாஷிகா கேமராவில் ஆரம்பித்தவர். பிலிம் மிச்சம் பண்ண, கல்யாணத்தில் வெறும் ஃப்ளாஷ் மட்டும் அடித்த கதையெல்லாம் சொன்னார். கல்யாண வீட்டாரும் வெறும் ஃப்ளாஷுக்கே சிரித்திருக்கிறார்கள். இப்போது ஆட்கள் அவரிடம் போனைக் கொடுத்து, "அண்ணே, எங்கள ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்கிறார்களாம், காசில்லாமல். "எடுத்துக் குடுப்பீங்களா?" என்றேன். "நேரா எடுத்துக் குடுப்பேன். அவனுவ எடுத்தா கடல் சாஞ்சிருக்கும்."

என் கேமராவுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் கால் மணி. மேகம் ஒன்று விலகட்டும் என்று காத்திருந்தது எனக்குக் கேட்டது. அதாவது, "போ, போ" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் – வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி

விடியற்காலை 6 மணிக்கு உப்பளம் போய்ச் சேர்ந்து, சீக்கிரம் வந்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். அவர்கள் நிலா வெளிச்சத்திலேயே வந்து பாதி வேலை முடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. உப்பு வெள்ளை கீழேயிருந்து அடிக்கும், சூரியன் மேலேயிருந்து.

ராஜாஜியோடு 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி நடந்து வந்தவர்கள் 30-ந் தேதி உப்பு அள்ளியது இங்கேதான், நினைவுத் தூண் இருக்கிறது. அதை யாரும் எடுத்த மாதிரி தெரியவில்லை. பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், கை ஈரத்தை எங்கே துடைப்பது என்று தேடினார். உடுத்தியிருந்த பழைய சட்டை, துண்டு, எல்லாமே உப்பு. கடைசியில் என் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"கூலிய ஏத்தித் தரச் சொல்லி இத யாருகிட்டயாச்சும் காட்டுவியா?"

காட்டுகிறேன், ஏறுமா தெரியாது என்றேன். "அப்ப சும்மா ஒண்ணு எடுக்கறேன்" என்று எடுத்தார்.

பிலிமுக்குச் சூடு ஆகாது. என் டிபன் பையிலிருந்து சாப்பாட்டை வெளியே எடுத்துவிட்டு கேமராக்களை உள்ளே வைத்தேன். மத்தியானம் தயிர் சாதம் புளித்திருந்தது.

ஆறாம் நாள் – கோடியக்கரை

பறவை சீசன் இல்லை, கூட்டமும் இல்லை. வெளிமான் இருந்தது. 4 பேர்தான் கிடைத்தார்கள். ஒருவர் மானை எடுக்கிறேன் என்று ஓடினார். இந்த லென்ஸில் அது கடுகு மாதிரிதான் விழும் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். (பழகிவிட்டது.) 5-வது கேமராவில் 9 படம் மீந்துவிட்டது. நானே எடுத்துத் தீர்க்கலாம் என்று கை அரித்தது. எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து

110 எடுத்ததில் 94 தேறின. மற்றதில் பாதி விரல், பாதி இருட்டு. கடலோரமாகவே போய்வந்த பயணத்தில் கடல் இருக்கிற படம் 11. ஆடு 4. பைக் 9. உப்பளத்தில் எடுத்தவற்றில் ஒன்றில் தண்ணீர் டிரம் மட்டும் இருக்கிறது, நீல நிறம், சுற்றிலும் வெள்ளை. டேனிஷ் கோட்டையை ஒருவர்கூட எடுக்கவில்லை. அங்கே எடுத்ததில் பாதி, கூட வந்தவர்களின் முதுகு.

3-வது கேமராவில் மட்டும் 27-ம் சுத்தமாக வந்திருந்தன. அதையே முதலில் அனுப்பலாம் என்று ஸ்கேன் எண்ணையும் நோட்டு எண்ணையும் வைத்துப் பார்த்தேன். நோட்டில் 14, அக்கரைப்பேட்டை அம்மா. ஸ்கேனில் 14, ஃப்ரிட்ஜ், நேராக்கப்பட்ட பிள்ளையாரோடு. கணக்கு சரி. 27 பிரிண்டையும் கவரில் போட்டு தபாலில் சேர்த்துவிட்டேன்.

அதற்கும் ஒரு வாரம் கழித்து

வேளாங்கண்ணிப் போட்டோக்காரர் கூப்பிட்டார். வணக்கம்கூட இல்லை.

"கடல் சாஞ்சிருக்கு."

"எதுண்ணே?"

"நீ அனுப்புன படம். கடல் சாஞ்சிருக்கு, ஓரத்துல யாரோட கட்டவிரலோ இருக்கு. இது வேளாங்கண்ணியே இல்ல. இத நான் எடுக்கல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. லேபுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "டிஸ்போசபிள்னா அப்படித்தான் சார். கடைசியா எடுத்ததுதான் பிலிம்ல முன்னாடி நிக்கும். தலைகீழா வரும்."

நாகூரில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவர் இதைத்தானே எனக்கு விளக்கினார்! அதை இங்கே நாலு வரி எழுதி வேறு வைத்திருக்கிறேன். 27 படத்தைத் தலைகீழாக எண்ணினால் நடுவில் நிற்கிற 14 மட்டும்தான் இடம் மாறாது. ஃப்ரிட்ஜ் என்னை ஏமாற்றிவிட்டது. மிச்சம் 26 பேருக்கும் அடுத்தவர் படம் போயிருக்கிறது. 22 போக வேண்டிய இடத்துக்கு 6, அதாவது படகு முனையில் ஏறிய பொடியன் எடுத்தது.

26 பேரில் குறை சொன்னவர் இவர் ஒருவர்தான். மூன்று பேர் நன்றாக வந்திருப்பதாகவே செய்தி அனுப்பியிருந்தார்கள்.

பொடியன் வீட்டுக்கு எண் இல்லை. பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்தேன், எடுத்தது வலை பின்னுகிற பெரியவர். "படம் வந்துச்சுப்பா" என்றார், அதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். உனக்கு வந்தது வேறொருவர் எடுத்தது, உன்னுடையதை அனுப்புகிறேன் என்று எடுத்துச் சொன்னேன்.

"இல்ல, இது நான் எடுத்ததுதான்."

"அதுல என்ன இருக்கு?"

"கடல் இருக்கு. மேகம் இருக்கு. ஒரு பாட்டி குடை புடிச்சிகிட்டு நிக்கிது."

"உங்க ஊருல அன்னைக்கு அந்தப் பாட்டிய பாத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நின்னுச்சு" என்றான். பின்னால் பெரியவர் சிரிப்பது கேட்டது. தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டதாம், பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறான்.

போட்டோக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். உங்கள் படத்துக்கு இன்னொரு பிரிண்ட் போட்டு இன்றைக்கே அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்பு. அந்தப் பய எவ்ளோ உசரம் இருப்பான்?"

இடுப்புக்கு மேலே கொஞ்சம் என்றேன்.

"படகு மேல நின்னுல்ல எடுத்திருக்கான். படகு ஆடும், அதான் சாஞ்சிருக்கு. ஒரு கால மடக்கி நிக்கச் சொல்லு அவன."

மற்ற 25 கவரும் நாளை கிளம்புகின்றன.